ஐந்து தனி ஆடிட் ஃபர்ம்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு: பெயர், லோகோ, ரெஃபரல், ரொட்டேஷன் பற்றிய சந்தேகங்கள்

ஜெயநகர் ஃபைல் (பெங்களூரு)

வணக்கம். ஐந்து தனித்தனி ஆடிட் ஃபர்ம்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கப் பேச்சு நடக்கிறது. பெங்களூரில் இரண்டு, மும்பை, டெல்லி, கோயம்புத்தூரில் ஒவ்வொன்று. எல்லாமே 2 முதல் 4 பார்ட்னர் உள்ளவை. மெர்ஜர் யாருக்கும் வேண்டாம். அவரவர் பெயர், அவரவர் க்ளையன்ட், அவரவர் லாபம். வெளியூர் ஸ்டாக் கவுண்ட் (சரக்குக் கையிருப்பை எண்ணுவது), வெளியூர் ஹியரிங், ஆர்ட்டிகிள் மாணவர்களுக்கு (ஃபர்மில் பயிற்சி பெறும் சி.ஏ. மாணவர்கள்) சேர்ந்து பயிற்சி, ஆடிட் சாஃப்ட்வேர் லைசென்ஸை மொத்தமாக வாங்குவது, இவ்வளவுதான் நோக்கம்.

தெரிய வேண்டியவை: பொதுவாக ஒரு பெயரும் லோகோவும் வைத்துக்கொள்ளலாமா? சொசைட்டியாகப் பதிவதா, பிரிவு 8 கம்பெனியா (லாப நோக்கமற்ற கம்பெனி)? வேலை அனுப்பி வைத்தவருக்கு சதவீதம் கொடுக்கலாமா? ஒரே கம்பெனியைத் தொடர்ந்து ஆடிட் செய்ய ஒரு ஃபர்முக்கு உள்ள 10 வருடக் கெடு முடிந்து ஆடிட்டர் மாறும்போது (ரொட்டேஷன்) அந்த ஆடிட்டை இன்னொரு உறுப்பினர் எடுக்கலாமா?

மாட்டுங்கா பேரேடு (மும்பை)

கடைசிக் கேள்வியில் தொடங்குகிறேன் சார். அதன் பதில் உங்கள் முதல் கேள்வியைப் பொறுத்தது.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 139(2): ஃபர்ம் என்றால் ஐந்தாண்டு வீதம் இரண்டு தவணை, பிறகு ஐந்தாண்டு இடைவெளி. இது லிஸ்டட் கம்பெனிகளுக்கும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ள லிஸ்ட் ஆகாத பப்ளிக் கம்பெனிகளுக்கும், 50 கோடியும் மேலும் உள்ள பிரைவேட் கம்பெனிகளுக்கும் பொருந்தும். மூலதனம் குறைவாக இருந்தாலும் வங்கிக் கடனோ பொது டெபாசிட்டோ 50 கோடியைத் தொட்டால் உள்ளே வந்துவிடும். இந்தக் கடன் வரம்பைத்தான் பலர் பார்க்க மறக்கிறார்கள்.

இனி 2014ஆம் ஆண்டு தணிக்கை விதிகளில் விதி 6(3). வெளியேறும் ஆடிட்டரோடு ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் ஃபர்ம் அந்த இடத்துக்கு வர முடியாது. 'ஒரே நெட்வொர்க்' என்பதற்கு விளக்கமும் அங்கேயே இருக்கிறது: ஒரே பிராண்ட் பெயர், ஒரே வணிகப் பெயர் அல்லது பொதுக் கட்டுப்பாட்டின் கீழ் இயங்கும் ஃபர்ம்கள், இதுவரை இயங்கியவையும் இனி இயங்கப்போகிறவையும் சேர்த்து. இந்த 'இதுவரை, இனி' என்ற சொற்களை அழுத்திப் படியுங்கள். ரொட்டேஷனுக்கு முதல் மாதம் கூட்டமைப்பிலிருந்து விலகி, ஆடிட்டை வாங்கிக்கொண்டு, பிறகு மறுபடி சேர்வது என்ற ஏற்பாடு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆகவே லோகோ வைத்தால் ரொட்டேஷன் ஆடிட் உங்களுக்குள் சுற்றாது. லோகோ இல்லாமல், கட்டுப்பாடும் பொதுவாக இல்லாமல் இருந்தால் இந்த விதி தடுக்காது. ஆனால் 'உன் ஆடிட் எனக்கு, என் ஆடிட் உனக்கு' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதை நான் ஏற்கவே மாட்டேன். புதுக் கண் ஒன்று கணக்கைப் பார்க்க வேண்டும் என்றுதானே ரொட்டேஷனே வந்தது.

ராமகிருஷ்ணபுரம் நோட்டு (டெல்லி)

மேடம் சொன்னதோடு இன்னொரு கண்ணி: கையெழுத்திட்ட பார்ட்னர் விலகி வேறு ஃபர்மில் சேர்ந்தால், அந்த ஃபர்மும் அந்தக் கம்பெனிக்கு ஐந்தாண்டு தகுதி இழக்கும். கூட்டமைப்புக்குள் பார்ட்னர்கள் இடம் மாறும்போது இதை யாரும் சரிபார்ப்பதில்லை.

மாட்டுங்கா பேரேடு (மும்பை)

ஆமாம். இப்போது லோகோ பற்றி. இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாம் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

'நாங்கள் நெட்வொர்க் இல்லை, வெறும் கூட்டமைப்பு' என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதால் ஒன்றும் ஆகாது. நீங்கள் எதைப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்பதே தீர்மானிக்கும். இன்ஸ்டிட்யூட்டின் (சி.ஏ.க்களை ஒழுங்குபடுத்தும் ஐ.சி.ஏ.ஐ.) நெறிமுறைக் கோட்பாட்டின் வரையறைப்படி, ஒத்துழைப்புக்காக அமைந்த பெரிய அமைப்பு ஒன்று, இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கொண்டிருந்தாலே நெட்வொர்க்: லாபம் அல்லது செலவைப் பகிர்வது, பொது உரிமை, கட்டுப்பாடு, நிர்வாகம், பொதுவான தரக் கொள்கைகளும் நடைமுறைகளும், பொதுவான வணிகத் திட்டம், பொது பிராண்ட் பெயர், தொழில்முறை வளங்களில் கணிசமான பகுதியைப் பகிர்வது. ஆறும் இருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும்.

சாஃப்ட்வேர் லைசென்ஸைச் சேர்ந்து வாங்குவது செலவுப் பகிர்வுதானே என்று பயப்பட வேண்டாம். பயிற்சி வகுப்பு, கையேடு தயாரிப்பு போன்றவற்றின் செலவைப் பங்கிடுவது மட்டும் நெட்வொர்க் ஆக்காது. ஆனால் கையேடு அளவில் நிற்காமல், ஐந்து ஃபர்ம்களும் ஒரே ஆடிட் முறைமை, ஒரே டெக்னிக்கல் பிரிவின் கட்டாய ஆலோசனை, ஒருவர் ஃபைலை ஒருவர் பரிசோதிப்பது என்று போனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். நல்ல நோக்கத்தோடு செய்தாலும் தாண்டல் தாண்டல்தான்.

தாண்டினால் என்ன ஆகும்? பிரிவு 144ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுதல், உள் தணிக்கை, நிதித் தகவல் அமைப்பை வடிவமைத்து நிறுவுதல், ஆக்சுவரி வேலை, முதலீட்டு ஆலோசனை, முதலீட்டு வங்கி வேலை, அவுட்சோர்ஸ் நிதிச் சேவை, நிர்வாகச் சேவை: இவற்றை ஆடிட்டர் தன் க்ளையன்ட் கம்பெனிக்கோ அதன் ஹோல்டிங் (தாய் நிறுவனம்), சப்சிடியரிக்கோ (துணை நிறுவனம்) நேரடியாகவும் செய்யக்கூடாது, மறைமுகமாகவும் செய்யக்கூடாது. மறைமுகம் என்பதில், அந்த ஃபர்ம் யாருடைய பெயரை, டிரேட் மார்க்கை அல்லது பிராண்டைப் பயன்படுத்துகிறதோ அந்த அமைப்பும் அடக்கம்.

உதாரணம்: பெங்களூர் ஃபர்ம் ஒரு கம்பெனிக்குச் சட்டப்படி ஆடிட்டர். அதன் மும்பை சப்சிடியரிக்கு உங்கள் மும்பை உறுப்பினர் மாதம் 15,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதுகிறார். இன்று பிரச்சினை இல்லை. லெட்டர்ஹெட்டில் பொது லோகோ ஏறிய நாளிலிருந்து பெங்களூர் ஃபர்மின் சுதந்திரம் கேள்விக்குள்ளாகிறது. மும்பையில் 15,000 ரூபாய் வேலை செய்பவருக்கு பெங்களூரில் யார் ஆடிட்டர் என்பதே தெரிந்திருக்காது.

ஜெயநகர் ஃபைல் (பெங்களூரு)

மிக்க நன்றி மேடம். அப்படியே லோகோவுடன்தான் போவது என்றால் முறையான வழி எது?

ராமகிருஷ்ணபுரம் நோட்டு (டெல்லி)

இன்ஸ்டிட்யூட்டில் நெட்வொர்க்காகப் பதிவு செய்வதுதான். 2011ஆம் ஆண்டு நெட்வொர்க்கிங் வழிகாட்டுதலின் முக்கிய அம்சங்களைச் சொல்கிறேன். பிறகும் திருத்தங்கள் வந்திருக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள பதிப்பை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

முதலில் பெயருக்கு ஒப்புதல், பிறகு பதிவு. நெட்வொர்க்கின் பெயருக்குப் பின்னால் 'அண்ட் அஃபிலியேட்ஸ்' வர வேண்டும். 'அண்ட் கோ', 'அண்ட் அசோசியேட்ஸ்' கூடாது, ஃபர்ம் என்று யாரும் குழம்பாமல் இருக்க. ஒரு ஃபர்ம் ஒரே ஒரு நெட்வொர்க்கில்தான் சேரலாம். உங்கள் ஐவரில் யாராவது ஏற்கெனவே வேறொன்றில் இருக்கிறாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பொதுப் பார்ட்னர் உள்ள ஃபர்ம்களுக்கும் இதே கட்டுப்பாடு.

ஆடிட் அல்லாத வேலைகளுக்கு வரம்பும் உண்டு. சட்டப்படி ஆடிட் செய்யும் ஃபர்முக்கு 2008ஆம் ஆண்டு கவுன்சில் பொது வழிகாட்டுதல் சொல்லும் அளவு. நெட்வொர்க்கின் மற்ற ஃபர்ம்கள் எல்லாம் சேர்ந்து, அந்த ஆடிட் கட்டணத்தின் மூன்று மடங்கு. ஆடிட் கட்டணம் 4 லட்சம் என்றால் மற்ற நான்கு ஃபர்ம்களும் சேர்ந்து 12 லட்சம். ஆளுக்கு 12 அல்ல. தடை செய்யப்பட்ட வேலைகளுக்கு இந்தக் கணக்கே கிடையாது, அவை முழுத் தடை.

கோரமங்களா ட்ரயல் பேலன்ஸ் (பெங்களூரு)

ஒரு சின்னக் கேள்வி. மும்பையின் பி.சி.ஏ.எஸ்., கர்நாடகத்தின் கே.எஸ்.சி.ஏ.ஏ. போன்ற சி.ஏ. சங்கங்கள் எல்லாம் இத்தனை வருடமாக நடக்கிறதே, அவற்றுக்கு இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை?

மாட்டுங்கா பேரேடு (மும்பை)

அவை ஆட்களின் சங்கங்கள், ஃபர்ம்களின் கூட்டு அல்ல. பம்பாய் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சொசைட்டி (பி.சி.ஏ.எஸ்.) 1949இல் தொடங்கியது, இன்ஸ்டிட்யூட் பிறந்த அதே ஆண்டு. அதற்கும் முன்னால் 1926இல் வந்தது இங்குள்ள சேம்பர் ஆஃப் டாக்ஸ் கன்சல்டன்ட்ஸ். கருத்தரங்கு, வெளியீடு, அரசுக்குக் கோரிக்கை மனு, இவைதான் அவற்றின் பணி. அந்தப் பெயரில் யாரும் க்ளையன்ட் வேலை செய்வதில்லை. உங்கள் கூட்டமைப்பையும் அந்த எல்லைக்குள் நிறுத்தினால் பாதிக் கவலை இல்லை.

வெளிநாட்டிலும் இதே பிரிவினைதான். பிராக்ஸிட்டி, பிரைம்குளோபல் போன்றவை தனி ஃபர்ம்களின் கூட்டமைப்பு என்றே தங்களை வைத்துக்கொள்கின்றன, நெக்ஸியா, எச்.எல்.பி. போன்றவை நெட்வொர்க். நாடு கடந்த ஆடிட் செய்யும் அமைப்புகளுக்காக ஃபோரம் ஆஃப் ஃபர்ம்ஸ் என்று ஒன்று உலகக் கணக்காளர் கூட்டமைப்பான ஐ.எஃப்.ஏ.சி.யோடு இணைந்து 2002 முதல் இருக்கிறது. அதில் நெட்வொர்க், கூட்டமைப்பு இரண்டு வகையும் உறுப்பினர்.

சாந்தாகுரூஸ் வவுச்சர் (மும்பை)

அமைப்பு வடிவம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன்.

கர்நாடகத்தில் சொசைட்டி என்றால் 1960ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், குறைந்தது 7 பேர். இங்கே மும்பையில் பதிந்தால் 1860 சட்டத்தோடு 1950ஆம் ஆண்டு பப்ளிக் டிரஸ்ட் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேரிட்டி கமிஷனர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். ஆகவே பெங்களூரில் பதிவதே நல்லது. சொசைட்டியில் பார்ட்னர்கள் தனி நபராகக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பார்ட்னர் ஃபர்மை விட்டுப் போனால் உறுப்பினர் பதவி யாருடையது என்ற சண்டை வரும். ஃபர்மின் நியமனதாரர் என்று விதிமுறையில் எழுதி, விலகினால் பதவி தானாக முடியும் என்றும் எழுதுங்கள்.

பிரிவு 8 கம்பெனியில் இந்தத் தொல்லை இல்லை. பிரிவு 8(3)படி ஒரு ஃபர்மே உறுப்பினர் ஆகலாம். சாதாரணக் கம்பெனியில் அது முடியாது. உங்கள் அமைப்புக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் ஆண்டுதோறும் எம்.சி.ஏ. (கம்பெனி விவகார அமைச்சகம்) தாக்கல், கட்டாய ஆடிட். இங்கே ஒரு இடறல்: பிரிவு 141(3)படி கம்பெனியின் அதிகாரியின் பார்ட்னர் அதற்கு ஆடிட்டர் ஆக முடியாது. உங்கள் ஐந்து ஃபர்ம்களிலிருந்தும் டைரக்டர்கள் வந்தால் ஐவரில் யாரும் ஆடிட்டர் ஆக முடியாது. வெளி ஃபர்மைத் தேடுங்கள். டைரக்டராக இருப்பவர் சாதாரண டைரக்டராகவே இருக்கட்டும். மேனேஜிங், ஹோல்டைம் என்றால் இன்ஸ்டிட்யூட்டின் தனி அனுமதி வேண்டும்.

கோரமங்களா ட்ரயல் பேலன்ஸ் (பெங்களூரு)

சந்தா வருமானத்துக்கு வரி? பரஸ்பரத் தத்துவம் (உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பணம் வருமானம் ஆகாது என்பது) இருக்கிறதே, வரி வராது அல்லவா?

சாந்தாகுரூஸ் வவுச்சர் (மும்பை)

சந்தாவுக்கு அந்த வாதம் நிற்கும். அதற்கு மேல் நீட்டாதீர்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் (2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025 சட்டம்) பிரிவு 28(iii): தொழில்முறைச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கென்று குறிப்பிட்ட சேவை செய்து பெறும் வருமானம் தொழில் வருமானம். பயிற்சி வகுப்புக் கட்டணம், சாஃப்ட்வேர் வாங்கிக் கொடுத்ததற்கான கையாளும் கட்டணம் எல்லாம் இதில் விழும். சாஃப்ட்வேர் கம்பெனி தரும் ஸ்பான்சர் பணம் வெளியார் பணம், பரஸ்பரம் கிடையாது. மிஞ்சிய பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டால் அந்த வட்டிக்கும் வரி. உங்கள் ஊர் பெங்களூர் கிளப் வழக்கில் 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது அதுதான். வங்கியே கிளப் உறுப்பினராக இருந்தும் பரஸ்பரத் தத்துவம் உதவவில்லை.

ஜி.எஸ்.டி.யில் பிரிவு 7(1)(ஏஏ), 2017 ஜூலை 1 முதல் பின்தேதியிட்டு, சங்கத்தையும் உறுப்பினரையும் தனித்தனி ஆளாக வைக்கிறது. மொத்த வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு, 18 சதவீதம். ஐந்து ஃபர்மும் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவை என்றால் அந்த வரியைக் கிரெடிட்டாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள், கையைக் கடிக்காது.

ஜெயநகர் ஃபைல் (பெங்களூரு)

ரெஃபரல் சதவீதம் பற்றியும் வேலையை அனுப்பும் முறை பற்றியும் யாராவது.

ராமகிருஷ்ணபுரம் நோட்டு (டெல்லி)

பணம் பற்றி: இன்ஸ்டிட்யூட் உறுப்பினராகத் தொழில் செய்யும் ஒருவர், க்ளையன்டை அறிமுகம் செய்ததற்கு இன்னொரு தொழில் செய்யும் உறுப்பினரிடம் ரெஃபரல் கட்டணம் வாங்கத் தடையில்லை. உறுப்பினர் அல்லாதவருக்குக் கட்டணத்தில் பங்கு கொடுத்தால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் முதல் அட்டவணை, பகுதி 1, உட்பிரிவு 2 மீறல். கூட்டமைப்பே ஒரு கம்பெனியாக இருந்து, ஒவ்வொரு ரெஃபரலுக்கும் 5 சதவீதம் கம்பெனிக்கு என்று வைத்தீர்களானால் நேரே அதில் போய் விழுவீர்கள். கம்பெனி இன்ஸ்டிட்யூட் உறுப்பினர் அல்லவே. ஆகவே கூட்டமைப்புக்கு நிலையான ஆண்டுச் சந்தா மட்டும் வைத்து, வருமானத்தோடு அதை இணைக்காதீர்கள்.

கூட்டமைப்பின் வெப்சைட்டில் 'எங்களிடம் வாருங்கள்' என்ற தொனியில் எதுவும் எழுதக்கூடாது. அதே பகுதியின் உட்பிரிவு 6, 7 (வேலை கேட்டு அணுகுவது, விளம்பரம்) இரண்டும் ஃபர்ம்களையே பிடிக்கும். எழுதிக் கொடுத்தது டிசைனர் என்று சொல்லித் தப்ப முடியாது.

வேலை அனுப்புவதில் ஸ்டாக் கவுண்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 இரவு மும்பை அருகே பிவண்டி கோடவுனில் பெங்களூர் ஃபர்முக்காக மும்பை ஃபர்ம் எண்ணுகிறது. இது எஸ்.ஏ. 600இன் (எஸ்.ஏ. என்பது தணிக்கைத் தரநிலை) கீழ் வரும். இரண்டு ஆடிட்டர்களும் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளலாம்.

மாட்டுங்கா பேரேடு (மும்பை)

சார், இதில் மட்டும் மாறுபடுகிறேன். எஸ்.ஏ. 600 என்பது ஒரு கிளையின் அல்லது சப்சிடியரியின் நிதித் தகவலை வேறொரு ஆடிட்டர் தணிக்கை செய்து ரிப்போர்ட் கொடுக்கும்போது. வெறுமனே எண்ணிக் கொடுப்பவர் ரிப்போர்ட் கொடுப்பதில்லை. அவர் ஆள் உங்கள் ஆடிட் குழுவின் ஆளாகவே கருதப்படுவார். எஸ்.ஏ. 220படி வழிகாட்டுதல், மேற்பார்வை, மறுபார்வை எல்லாம் கையெழுத்திடும் பார்ட்னர் தலையில். ஆடிட் ரிப்போர்ட்டில் 'மும்பை ஃபர்ம் எண்ணியது' என்று எழுதிப் பொறுப்பைத் தள்ள முடியாது.

ராமகிருஷ்ணபுரம் நோட்டு (டெல்லி)

சரிதான் மேடம். எஸ்.ஏ. 501இல் கையிருப்பு எண்ணும்போது உடனிருப்பது ஆடிட்டரின் கடமை. அதை இன்னொருவர் வழியாகச் செய்தாலும் கடமை மாறாது. என் பதிவில் அந்த வரியைத் தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா பேரேடு (மும்பை)

நன்றி சார். அதனால்தான் அனுப்பும் குறிப்பு துல்லியமாக இருக்க வேண்டும். கோடவுன் முகவரி, பொறுப்பாளர் போன், எண்ணும் நேரம், கையிருப்புப் பட்டியல் மட்டும் போதாது. பட்டியலிலிருந்து தரைக்கு எத்தனை ஐட்டம், தரையிலிருந்து பட்டியலுக்கு எத்தனை, எந்த மதிப்புக்கு மேல் எல்லாமே எண்ண வேண்டும் என்று எழுதுங்கள். வித்தியாசம் வந்தால் அங்கேயே மறுபடி எண்ணி, இரண்டு எண்ணிக்கையையும் குறிக்கச் சொல்லுங்கள்.

அதிகமாகக் கோட்டை விடுவது கட்-ஆஃபில் (எந்தச் சரக்கு எந்த ஆண்டுக் கணக்கில் என்று பிரிப்பது). கடைசி சரக்கு வரவுச் சீட்டின் எண், கடைசி டெலிவரி சலானின் எண், எண்ணும்போது வாசலில் நின்ற லாரிகளின் எண்ணும் அதில் இருந்த சரக்கும்: இவற்றை அன்றிரவே எழுதாவிட்டால் மே மாதத்தில் யாராலும் மீட்க முடியாது. ஏப்ரல் 2 அன்று சேர்த்த சீட்டைத் தேதி மாற்றி உள்ளே செருகியிருக்கிறார்களா என்பதைக் கடைசி எண் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்தவர் சரக்கு, பழுதான சரக்கு, தூசி படிந்து நகராத சரக்கு, மூன்றுக்கும் தனிப் பத்தி. தாள்களில் அன்றே இரு தரப்புக் கையெழுத்து. ஸ்கேன் 48 மணி நேரத்தில், அசல் கூரியரில். ஃபைல் ஆவணம் பெங்களூர் ஃபர்முடையது என்று உடன்பாட்டிலேயே எழுதிவிடுங்கள்.

எண்ணப் போகும் ஆர்ட்டிகிள் மாணவர் உட்பட, அந்தக் கம்பெனியில் பங்கு இல்லை, உறவினர் பதவியில் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். மார்ச் 31 அன்று காலையில் அல்ல, ஒரு வாரம் முன்பே. கட்டணம் நாள் ஒன்றுக்கு இவ்வளவு, பயணச் செலவு தனி என்று வையுங்கள். ஆடிட் கட்டணத்தில் பங்கு என்று வைக்காதீர்கள்.

க்ளையன்டின் சம்மதக் கடிதமும் தேவை. வேறு ஃபர்மிடம் தகவல் போவது அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பகுதி 1, உட்பிரிவு 1இல் உள்ள ரகசியக் காப்பு விஷயம். என்கேஜ்மென்ட் லெட்டரிலேயே (க்ளையன்டோடு செய்யும் வேலை ஒப்பந்தக் கடிதம்) ஒரு பத்தி சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம்.

கோரமங்களா ட்ரயல் பேலன்ஸ் (பெங்களூரு)

அப்படியானால் முரண் சோதனைக்காக (ஒருவர் ஆடிட்டோடு மற்றவர் வேலை மோதுகிறதா என்று பார்க்க) ஐந்து ஃபர்ம்களும் க்ளையன்ட் பட்டியலைப் பகிர்ந்தால் அதுவும் ரகசிய மீறல் ஆகாதா? பகிராவிட்டால் அந்த மும்பை சப்சிடியரி மாதிரி விஷயம் எப்படித் தெரியவரும்?

சாந்தாகுரூஸ் வவுச்சர் (மும்பை)

முழுப் பட்டியலைப் பகிர வேண்டாம். ஒரு கம்பெனியின் ஆடிட்டர் யார் என்பது எம்.சி.ஏ. தாக்கலில் எவரும் பார்க்கக்கூடிய தகவல். ஆகவே சட்டப்படி ஆடிட் செய்யும் கம்பெனிகளின் பட்டியலை மட்டும், சி.ஐ.என். (கம்பெனி அடையாள எண்), ஹோல்டிங், சப்சிடியரி பெயர்களோடு, பொதுத் தாளில் ஏற்றுங்கள். கணக்கு எழுதுவது, உள் தணிக்கை, ஆலோசனை போன்ற வேலைகளை யாரும் வெளியே சொல்ல வேண்டாம். ஒவ்வொரு ஃபர்மும் தன் ரகசியப் பட்டியலைத் தன் ஆபீசிலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பொதுத் தாளோடு ஒப்பிட்டு, 'முரண் இல்லை' அல்லது 'பேச வேண்டும்' என்று இரண்டு வேலை நாளில் பதில் அனுப்பட்டும். பதில் வராததை 'முரண் இல்லை' என்று எடுக்கக்கூடாது.

புது ஆடிட் ஏற்கும் முன் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை முழுதாக. குழுமம் புதிதாக சப்சிடியரி வாங்கியிருந்தால் பட்டியல் பழசாகிவிடும். பிவண்டிக்கு ஆள் அனுப்பும் ஆடிட்களுக்கு பிப்ரவரியிலும் ஒருமுறை பாருங்கள்.

ஜெயநகர் ஃபைல் (பெங்களூரு)

இது எங்களுக்கு மிகவும் பொருந்தும் சார். லோகோ வேண்டாம், பிரிவு 8 கம்பெனி, நிலையான சந்தா, பொது ஆடிட் தாள் என்று வரைவு எழுதப்போகிறேன். கடைசியாக ஒன்று: பிறகு வெளிநாட்டுக் கூட்டமைப்பு ஒன்றில் டெல்லி ஃபர்ம் மட்டும் சேர ஆசைப்படுகிறது. சந்தா டாலரில்.

சாந்தாகுரூஸ் வவுச்சர் (மும்பை)

அது சேவை இறக்குமதி, ரிவர்ஸ் சார்ஜ் (வாங்குபவரே ஜி.எஸ்.டி. கட்டுவது). சந்தா 2,50,000 ரூபாய்க்குச் சமம் என்றால் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. 45,000. இதை எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரிலிருந்துதான் கட்ட முடியும், கிரெடிட்டில் கழிக்க முடியாது. ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தில் 3.1(டி)யில் காட்டி, அதே தொகையை 4(ஏ)(2)இல் கிரெடிட்டாக எடுங்கள். செல்ஃப் இன்வாய்ஸ் போட மறக்காதீர்கள்; பணம் அனுப்பிய மாதத்தைத் தாண்டவும் விடாதீர்கள், தாண்டினால் வட்டி. வங்கியில் பணம் அனுப்பும் முன் வெளிநாட்டாருக்கான டி.டி.எஸ். (மூலத்திலேயே பிடிக்கும் வரி) உண்டா என்று அந்த நாட்டோடு உள்ள வரி ஒப்பந்தத்தோடு பார்த்துவிடுங்கள்.

ராமகிருஷ்ணபுரம் நோட்டு (டெல்லி)

அந்த வெளிநாட்டு அமைப்பின் உறுப்பினர் ஒப்பந்தத்தில் லோகோவைக் கட்டாயம் போட வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா, தரப் பரிசோதனைக்கு ஃபைலைத் திறந்து காட்ட வேண்டும் என்று இருக்கிறதா, இந்த இரண்டையும் முதலில் தேடுங்கள். இருந்தால் டெல்லி ஃபர்ம் அங்கே நெட்வொர்க் ஃபர்ம் ஆகிவிடும்; இந்தியாவில் அதே லோகோ போடும் மற்ற ஃபர்ம்களின் ஆடிட் பட்டியலையும் கேட்டு வாங்கி உங்கள் பொதுத் தாளோடு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சேரும் முன் அந்த ஒப்பந்தத்தின் நகலை மற்ற நான்கு ஃபர்ம்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று உங்கள் வரைவில் ஒரு பிரிவு சேர்த்துவிடுங்கள்.